பி16 பாசிட்டிவ்

நோயியல் அறிக்கையில் ‘பி16 பாசிட்டிவ்’ என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி, படித்தவன் என்ற கர்வம். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று மனப்பாடமாக இருந்தது. தொண்டைப் பகுதிப் புற்றில் எச்.பி.வி. வைரஸ் இருந்தவர்களில் 82.4 சதவீதம் பேர் மூன்றாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57.1 சதவீதம்தான். அந்த வைரஸுக்கு எளிய அடையாளம் பி16. வைரஸின் இ7 புரதம், செல் பெருகாமல் பிடித்து வைக்கும் ஆர்பி புரதத்தை முடக்கிவிடும். உடனே செல்லுக்குள் பி16 குவியும், ஒயர் அறுந்த பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதிப்பதுபோல.

“பயப்படாதீங்கம்மா, இது நல்லாகிற வகை” என்று நோயாளியின் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அவருக்குப் புற்று வந்தது தொண்டைப் பகுதியில், டான்சிலிலோ அடிநாக்கிலோ அல்ல. மூட்டை தூக்குகிற மனிதர். வருடக்கணக்காகப் புகையிலை ஒதுக்கிய கன்னத்தின் உட்புறத்தில் வந்தது. அங்கே வைரஸ் இல்லாமலேயே பி16 கூடலாம், அதை வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது. எனக்கு இது தெரியாதா? பரீட்சையில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். அதே அறிக்கையில், கழுத்து நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிப் புற்று வெளியே பரவிவிட்டதாகவும் இருந்தது. வாய்ப் புற்றில் இதைவிடக் கெட்ட செய்தி அதிகமில்லை. அதையும் படித்தேன்; அதற்கேற்பக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் மருந்தும் எழுதினேன். சிகிச்சையில் குறை வைக்கவில்லை. அவர்களிடம் மட்டும் அந்த வரியைச் சொல்லவில்லை. நல்ல சேதி சொன்ன டாக்டராகவே இருந்துவிட ஆசை.

சிகிச்சை முடிந்ததும் அவர் மூட்டை தூக்கப் போய்விட்டார். டாக்டரே நல்லாகிவிடும் என்று சொன்ன பிறகு, கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் பஸ் ஏறி வந்து எதைக் காட்டுவது?

கழுத்தில் கட்டி உடைந்து புண்ணான பிறகுதான் வந்தார்கள். “இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அந்த அம்மாவிடம் கத்தினேன். கத்தும்போதே எனக்குத் தெரியும், யார்மீது கத்த வேண்டுமென்று.

“தப்புதான் சார்” என்றார் அந்த அம்மா.

முன்பே வந்திருந்தால் கணவர் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. உறை கிழிந்த புற்று, சீக்கிரம் பார்த்தாலும் திரும்பக்கூடியதுதான். ஆனால் அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தன் அலட்சியத்தால்தான் கணவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

‘நோயாளி மறுபரிசோதனைக்கு வரவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தேன். பொய் இல்லை. நான் சொன்ன ‘நல்லாகிற வகை’யை அதில் எழுதவில்லை. அது தவறு என்று அந்த அம்மாவிடமும் இன்றுவரை சொல்லவில்லை.