பனி உருகுமுன்



நான் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு பதிலைத் திருத்திக்கொள்ள நேர்ந்த கதை இது. பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லித்தரும் எல்லோருக்கும், குறிப்பாகத் தாய்மார்களுக்கு, இதில் ஏதேனும் பயன் இருக்கலாம் என்று எண்ணி எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நான் பாடம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை மதரஸாவில், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள். பள்ளிக்கூடத்தில் பனிச்சறுக்குக்கு அழைத்துச் செல்கிறார்களாம். “முஅல்லிமா, ஸ்கீயிங் போகலாமா, கூடாதா?” என்று கேட்டாள். “அதெல்லாம் நமக்குக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டு, பாடத்தின் அடுத்த வரிக்குச் சென்றுவிட்டேன்.

பின்வரிசையில் என் மகள் அமர்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது வயது பதினான்கு. வகுப்பில் அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதுதான் கேட்டாள்: “உம்மா, கூடாதுன்னு எந்தக் கிதாபுல இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை. மார்க்கக் கல்வியில் பட்டயம் பெற்று, பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள் நான். ஆதாரமில்லாமல் ஒன்றை ஹலால் என்றோ ஹராம் என்றோ சொல்வது எத்தனை பெரிய பொறுப்பு என்று பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அதை மறந்தவளும் நானேதான்.

உண்மைக் காரணம் வேறு. நான் காயல்பட்டினத்துக் கடற்கரை மணலில் வளர்ந்தவள். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டு வாசலில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து, வெள்ளையாக எதைக் கண்டாலும் என் கால் தானாகவே தயங்கும். மகளின் பள்ளியிலிருந்து பனிச்சறுக்குப் பயணத்துக்கான அனுமதிப் படிவம் மூன்று ஆண்டுகள் வந்தது. மூன்று முறையும் நான் கையொப்பமிடவில்லை. முதல் ஆண்டு பணம் என்றேன். அடுத்த ஆண்டு உடை என்றேன். மூன்றாம் ஆண்டு தொழுகை நேரம் என்றேன். அவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் எதுவும் உண்மைக் காரணமன்று. என் அச்சத்துக்கு நான் மார்க்கத்தின் ஆடையை உடுத்தியிருந்தேன்.

இதை என் கணவரிடம் சொன்னபோது அவர் நீண்ட விளக்கம் எதுவும் தரவில்லை. “போய்ப் பார்த்துட்டுச் சொல்லேன்” என்றார். அவ்வளவுதான்.

அப்போது ஷஅபான் மாதம் நடந்துகொண்டிருந்தது. மார்ச் 23 அன்று ரமளான் தொடங்க இருந்தது. பனிக்காலமும் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. மார்ச் பள்ளி விடுமுறையை ஒட்டிய எட்டு நாள்களில், எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மூன்று சிறிய குன்றுகளுக்கு நாங்கள் சென்றோம்.

முதலாவது, எட்டோபிகோவில் உள்ள சென்டென்னியல் பூங்காக் குன்று. டொரோண்டோ மாநகராட்சியே நடத்துவது. மலை என்றதும் நெடிய சிகரங்களைக் கற்பனை செய்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூர்த் தேரி மேட்டைச் சற்றே உயர்த்தியதுபோல் இருந்தது. ஒரு காலத்தில் அந்த இடம் குப்பை கொட்டும் தளமாக இருந்ததாம். ஊரார் கழித்துப் போட்டவை மண் மூடிக் குன்றாகி, இன்று பிள்ளைகள் அதன்மேல் சிரித்து விளையாடுகிறார்கள்.

அன்று நான் அடிவாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மட்டும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். உடை குறித்து எனக்கிருந்த கவலை முதல் பத்து நிமிடத்திலேயே கரைந்தது. தடித்த மேலங்கி, தொளதொளத்த காற்சட்டை, கையுறை, தலைக்கவசம், கண்களை மறைக்கும் பெரிய கண்ணாடி. ஆணா பெண்ணா என்றே அடையாளம் தெரியாத கூட்டம். மகள் என்னருகே வந்து, “பாருங்கம்மா, இங்க எல்லாருமே பர்தாலதான் இருக்காங்க” என்றாள். நீண்ட நாளைக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோம். அவள் ஊசி குத்தாத மெல்லிய உள்முக்காட்டின் மேல் தலைக்கவசத்தை அணிந்திருந்தாள். கவனிக்க வேண்டியது இந்த ஒன்றுதான்: குண்டூசியும் தொங்கும் துணி முனையும் இருக்கக்கூடாது. லிஃப்டில் சிக்கும் எதுவும் ஆபத்து.

வாடகைக்குச் சாதனம் தரும் இடத்தில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். உயரம், எடை, வயது, எத்தனை அனுபவம் என்று கேட்டிருந்தது. பெண்பிள்ளையின் எடை இவர்களுக்கு எதற்கு என்று எனக்குச் சற்றுக் கோபம். அங்கிருந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். பூட்ஸையும் சறுக்குப் பலகையையும் இணைக்கும் பைண்டிங் என்னும் பிடியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே திருகி அமைக்கிறார்கள். மிகத் தளர்வாக இருந்தால் நடுவழியில் காலைக் கைவிட்டுவிடும். மிக இறுக்கமாக இருந்தால், விழும்போது விடாமல் பிடித்து முழங்காலையோ எலும்பையோ முறித்துவிடும். சறுக்கும்வரை பிடிக்க வேண்டும். விழும்போது விட்டுவிட வேண்டும். அந்த அளவைக் கணிக்கத்தான் எடை.

அவர் பலகையைப் பற்றித்தான் பேசினார். எனக்கோ கையொப்பமிடாத மூன்று படிவங்கள் நினைவுக்கு வந்தன.

இரண்டாவது, பிராம்டன் நகரில் சிங்குவாகூசி பூங்காவில் உள்ள குன்று. விடுமுறை வாரத்தின் நடுவில் ஒரு நாள் சென்றோம். மகள் எனக்கும் சேர்த்துப் படிவத்தை நீட்டினாள். மறுக்க என்னிடம் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, முழங்காலுக்குக் கீழே சிறைவைத்தாற்போன்ற அந்த நெகிழி பூட்ஸுக்குள் காலை நுழைத்தேன்.

தொடக்கநிலையாளர்களை மேலே கொண்டுசெல்ல, தரையோடு தரையாக நகரும் ஒரு பட்டை இருந்தது. விமான நிலையத்தில் பெட்டிகள் வருமே, அதுபோன்றது. அதற்கு மாயக் கம்பளம் என்றே பெயர். நிற்பதற்கு முதலில் கற்றுத்தருவது பீட்ஸா வடிவம்: முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, பலகைகளின் உள்விளிம்பைப் பனியில் அழுத்தினால் வேகம் குறையும். நான்கு வயதுப் பிள்ளைகள் அதைச் செய்துகொண்டு என்னைக் கடந்து போனார்கள். நான் ஏழு முறை விழுந்தேன். மணிக்கட்டை ஊன்றாமல் பக்கவாட்டில் விழ வேண்டும் என்று மகள் சொல்லித்தந்தாள். எட்டாம் முறை விழாமல் நின்றேன்.

அப்போதுதான் ஒரு சிறுவன், “முஅல்லிமா!” என்று கூவினான். என் மதரஸாவில் படிக்கும் பையன். அவன் பின்னால் நின்ற தாயின் முகத்தில் மகிழ்ச்சியைவிடத் தயக்கமே மிகுந்திருந்தது. அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “கூடாதுன்னு நீங்க சொன்னதா பிள்ளைங்க சொன்னாங்க. இங்க வந்ததை உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு இவன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். மன்னிச்சுக்குங்க முஅல்லிமா.”

அதுவரை விழுந்த ஏழு முறையும் வலிக்கவில்லை. இது வலித்தது. தாயும் பிள்ளையும் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் என் ஒற்றைச் சொல், ஒரு வீட்டில் ஆகுமான மகிழ்ச்சியைக் குற்றமாக்கி, அதை மறைக்கப் பிள்ளைக்குப் பொய்யும் பழக்கியிருந்தது. “மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்க இல்ல, நான்தான்” என்று சொன்னேன். அவருக்கு முழுதும் விளங்கியதா என்று தெரியவில்லை.

மூன்றாவது, மில்டன் நகரின் கிளென் ஈடன். ரமளானுக்கு ஐந்து நாள் முன்பு, மார்ச் 18 சனிக்கிழமை. நயாகரா சரிவின் விளிம்பில், 401 நெடுஞ்சாலையில் போகும்போதே கண்ணில் படும் குன்று. உயரம் ஏறத்தாழ 70 மீட்டர்தான். இந்நாட்டின் மேற்கே பிளாக்கோம் மலையில் ஏறத்தாழ 1,600 மீட்டர் இறக்கம் உண்டு. அதைக் கண்டவர்களுக்கு இது ஒரு மேடு. எனக்கோ அதுவே போதுமான மலையாக இருந்தது.

பருவக் கடைசியில் பனியின் குணம் ஒரே நாளில் மூன்று முறை மாறும். இரவில் உறைந்ததால் காலையில் பளிங்குத் தரை போல் கடினமாக இருந்தது. பலகையின் விளிம்பு கரகரவென்று ஒலித்தது. முற்பகலில் மேற்பரப்பு இளகிச் சர்க்கரை போல் ஆனது. கற்பவர்களுக்கு அதுவே நல்ல நேரம். பிற்பகலில் ஐஸ் சர்பத் போல் நீர் கோத்து, பலகையைப் பிடித்து இழுத்தது. ஓரங்களில் பழுப்புப் புல் எட்டிப் பார்த்தது. சறுக்குப் பாதையில் மட்டும் பனி தடித்திருந்தது. குளிர்காலம் முழுவதும் இயந்திரங்களால் நீரையும் காற்றையும் சேர்த்துத் தூவி, உறையவைத்துச் சேர்த்த பனி அது. வானத்திலிருந்து விழுவதை மட்டும் நம்பியிருந்தால், இச்சிறு குன்றுகள் மார்ச் வரை தாங்கியிரா.

கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளி ஆறு நாள் ஆகியிருந்ததால், லுஹர் ஒன்றரை மணியளவில் வந்தது. வீட்டிலேயே முழுமையாக உளூ செய்து, அந்தத் தூய்மையோடு தோலால் ஆன குஃப் அணிந்து வந்திருந்தோம். எனவே உளூவைப் புதுப்பிக்கும்போது அந்தக் குளிரில் காலைக் கழுவ வேண்டியிருக்கவில்லை. பூட்ஸை மட்டும் கழற்றி, குஃபின்மேல் மஸ்ஹ் செய்துகொண்டோம். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று நாள் என்று எத்தனை ஆண்டுகளாகப் பாடம் சொல்லியிருக்கிறேன்! காயல்பட்டினத்து வெயிலில் அது தேர்வில் கேட்கும் கேள்வி. கிளென் ஈடனில் அது என் ரப்பின் கருணை. எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் பயணத் தொலைவு ஆகாதென்பதால் கஸ்ர் இல்லை, முழுமையாகவே தொழுதோம். இங்கிருந்து கிப்லா வடகிழக்கு. வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் பாயை விரித்தபோது யாரும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஸுஜூதில் பாயின் கீழிருந்த குளிர் நெற்றியில் ஏறியது. பாவங்களை நீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவும்படி கேட்கும் அந்தத் துஆவை நான் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவள். அதில் வரும் பனியின் மேல் முதன்முறையாக நெற்றி வைத்தேன்.

தொழுதபின் மகளோடு நாற்காலி லிஃப்டில் ஏறினேன். பத்து ஆண்டுகளாக நான் அஞ்சி ஒதுங்கிய வெண்மை முழுவதும் காலடியில் கிடந்தது. “உம்மா, கீழ பார்க்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க, பலகை தானா அங்க போகும்” என்றாள். இறங்கும்போது பாதி வழியில், நீர் கோத்த பனியில் பலகை சிக்கி விழுந்தேன். டக்கென்று பைண்டிங் காலை விட்டது. முழங்கால் தப்பியது. மகள் எனக்கு மேற்பக்கமாக வந்து குறுக்கே நின்றாள், பின்னால் வருபவர்கள் என்மேல் மோதாதபடி. பலகையை எடுத்துத் தந்து, நான் எழும்வரை காத்திருந்தாள். நடந்தே இறங்கிவிடலாமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மெல்ல மெல்ல, பீட்ஸா வடிவத்திலேயே கீழே வந்து சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் ஞாயிறு. வகுப்பின் தொடக்கத்திலேயே எழுந்து நின்று சொன்னேன்: “போன மாதம் ஒரு கேள்விக்கு நான் தவறான பதில் சொன்னேன். பனிச்சறுக்கு கூடாது என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. எனக்குப் பயம் இருந்தது. உடை, தொழுகை, உடலின் பாதுகாப்பு, வீண்விரயம் இவற்றைப் பேணினால் அது ஆகுமானதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் போனது என் தவறு. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. நீங்களும் மன்னியுங்கள்.”

வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு, கேள்வி கேட்ட அந்தச் சிறுமி மெதுவாகச் சொன்னாள்: “பரவாயில்ல முஅல்லிமா. ஆனா ட்ரிப் முடிஞ்சிருச்சு. நான் போகல.”

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. திருத்தம் சொல்லலாம், போன நாளைத் திருப்பித் தர முடியாது. அந்த வாரக் கடைசியில் நோன்பு வந்துவிட்டது. பனிக்காலமும் போய்விட்டது.

பெற்றோர்களே, பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது, “கூடாது” என்னும் சொல் நாவுக்கு வருமுன் ஒரு கணம் நில்லுங்கள். இது மார்க்கம் சொல்வதா, என் அச்சம் சொல்வதா என்று பாருங்கள். அச்சமென்றால் அச்சமென்றே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது புரியும். மார்க்கம் தடுப்பதைத் தயங்காமல் தடுங்கள். ஆனால் மார்க்கம் திறந்துவைத்த வாசலை நம் பெயரில் பூட்டினால், ஒருநாள் அவர்கள் பூட்டப்பட்ட வாசல்கள் எல்லாவற்றையுமே சந்தேகிப்பார்கள்.

என் மகள் இப்போதும் வகுப்பில் பின்வரிசையில்தான் அமர்கிறாள். ஆனால் கேள்வி கேட்கிறாள். சில கேள்விகளுக்கு நான், “பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்” என்கிறேன். அவள் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறாள்.

நாம் அறியாததை அறிந்ததாகச் சொல்வதிலிருந்து அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.