சாந்திநிகேதனத்து நிழல்

வங்காளத்தில் பீர்பூம் ஜில்லாவிலுள்ள போல்பூர் ஸ்டேஷனில் இறங்கும் பிரயாணியின் கண்ணில் முதலில் படுவது மண்ணின் சிவப்பு. அந்தச் செம்மண் பூமி பல இடங்களில் மழைநீரால் அரிக்கப்பட்டு, ஆழ்ந்த பள்ளங்களும் மொட்டை மேடுகளுமாகக் கிடக்கிறது. அவ்வூரார் அதற்குக் 'கோவாய்' என்று பெயர் சொல்கிறார்கள். அங்கே புல் முளைப்பதே அரிது. அதைப் பார்த்த கண்களோடு சாந்திநிகேதனத்துக்குள் நுழைந்தோம். இருமருங்கும் ஓங்கி வளர்ந்த சால விருக்ஷங்களின் சாலையும், மாந்தோப்பும், மகிழ மர வரிசையும் எங்களை எதிர்கொண்டன. இரண்டும் ஒரே மண் என்று நம்புவது கடினமாயிருந்தது.

மகாகவி ரவீந்திரநாத தாகூரின் தந்தையாராகிய மகரிஷி தேவேந்திரநாதர் 1863-ம் வருஷம் இங்கே 20 பிகா நிலத்தைப் பெற்றார். அப்பொழுது அந்தப் பொட்டலில் நிழல் தந்தவை இரண்டு ஏழிலைப்பாலை மரங்களே. அவற்றின் அடியில் அவர் தியானத்தில் அமர்ந்தார் என்று சொல்வார்கள். பிறகு தோட்டம் போடுவதற்காகச் சரளைக் கற்களை அகற்றி, வேறிடத்திலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்பினார்கள். ஆகவே, இன்று நாம் காணும் சோலை இயற்கை தானாக அளித்த வரமன்று. மனிதர் கைவருந்தி ஆக்கியது.

1901-ல் கவி இங்கே ஐந்து மாணாக்கருடன் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1921-ல் அது விசுவபாரதியாக மலர்ந்தது. 1951-ல் மத்திய சர்வகலாசாலையாயிற்று. நாம் சென்ற காலை வேளையில், சிறு பிள்ளைகள் ஆளுக்கொரு ஆசனத்தை விரித்து மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே உபாத்தியாயர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். மின்விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை. அவற்றின் தேவையும் அங்கே இல்லை. பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகளுக்கு ஏழிலைப்பாலையின் இலைக்கொத்தைக் கொடுப்பது முன்பு இந்த ஸ்தாபனத்தின் வழக்கமாயிருந்தது.

1928-ல் கவி 'விருக்ஷாரோபணம்' என்னும் மரநடு விழாவை ஆரம்பித்து வைத்தார். மரக்கன்றை அலங்கரித்த பல்லக்கில் ஏற்றி, ஆட்டமும் பாட்டுமாக ஊர்வலம் கொண்டுவந்து நடுகிறார்கள். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் என்ற ஐந்து பூதங்களாகக் குழந்தைகள் வேஷம் தரித்து நிற்பதும் உண்டு. 1941-ல் கவி மறைந்த பிறகு, அவர் மறைந்த நாளான சிராவண மாதம் 22-ந் தேதியிலேயே இவ்விழா நடந்து வருகிறது. துக்க தினத்தில் ஒரு கன்றை நட்டு நீர் வார்க்கும் இந்த வழக்கம் நம் உள்ளத்தை மிகவும் உருக்கியது.

கவி வசித்த வீடுகளில் 1935-ல் கட்டிய 'சியாமளி' முழுவதும் மண்ணாலானது. சுவர்கள் மாத்திரமல்ல, கூரையும் மண்தான். காந்தியடிகளும் கஸ்தூரிபா அம்மையாரும் 1940-ல் அதில் தங்கினார்கள். அதற்கு வெகு முன்பே, 1915-ல், அடிகள் இங்கு வந்திருந்தபோது, மாணாக்கரும் ஆசிரியரும் சமையல், துப்புரவு முதலிய வேலைகளைத் தாங்களே செய்ய வேண்டும் என்று தூண்டினார். அதன் ஞாபகமாக இன்றும் மார்ச்சு 10-ந் தேதி வேலைக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, எல்லோரும் துடைப்பமும் கையுமாக நிற்கிறார்கள். தான் சேர்த்த குப்பையைத் தானே பெருக்குகிறவன் மறுநாள் குப்பை போட யோசிப்பான் அல்லவா?

ஆனால் இந்த நிலத்தின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. 1894 முதல் நடந்துவந்த பௌஷ மேளா, கிராமத்தாரின் கைத்தொழிலுக்கும் பாவுல் பாடகர்களுக்கும் உரிய சந்தை. வருஷம் ஏற ஏறக் கூட்டமும், அதனுடன் குப்பையும் புகையும் இரைச்சலும் பெருகின. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2020-ல் சர்வகலாசாலையார் மேளா மைதானத்துக்கு மதில் எழுப்பத் தொடங்கியபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், கைகலப்பும் நேர்ந்தது. மேளா சில வருஷங்கள் தடைப்பட்டு, 2024-ல் சர்வகலாசாலையின் பொறுப்பில் மீண்டும் நடந்தது. இதற்கிடையே 2023-ல் யுனெஸ்கோ சாந்திநிகேதனத்தை உலக பாரம்பரியச் சின்னமாக்கியது. புகழ் பெருகப் பெருக யாத்திரிகர் கூட்டமும் பெருகத்தானே செய்யும்?

திறந்த வெளியே இந்தக் கல்விச்சாலையின் ஜீவன். மதில் எழுப்பினால் அந்த ஜீவன் குன்றும். வருகிறவர்கள் பொறுப்பின்றி நடந்தால் மண் கெடும். கோவாயின் அரிப்பு சற்றுத் தொலைவிலேயே காத்திருக்கிறது. மரங்களை இழந்த நிலம் என்னவாகும் என்பதை அங்குள்ள மாணாக்கர் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை; எட்டிப் பார்த்தாலே போதும்.

சாந்திநிகேதனம் செல்லும் அன்பர்கள் கவியின் வீடுகளையும் சித்திரங்களையும் கண்டு களிப்பதோடு, அந்த நிழலில் சற்று நேரம் உட்கார்ந்து வரவேண்டும். எழுந்து வரும்போது, தாங்கள் கொண்டுபோன காகிதத்தையும் புட்டியையும் தங்களோடு எடுத்து வந்தால், மகரிஷி மண் சுமப்பித்து வளர்த்த சோலைக்கு அதுவே உகந்த காணிக்கை.