இறாலும் பழக் கலவையும்



இரத்தினபுரித் தோட்டப் பக்கம் வாழும் எங்களுக்குக் கடல் தூரம். கொழும்பே ஏறத்தாழ 100 கிலோமீற்றர். ஆகவே இறால் என்றால் விருந்துதான். மருமகன் வரும் நாளில் சோற்றுக்கு முன் இந்தச் சிறு தட்டை வைப்பேன்.

ஐஸில் வந்த இறாலை முகர்ந்து பாருங்கள். தலை கறுத்து, வாடை வீசினால் மலிவென்று வாங்காதீர்கள். மசாலா வாடையை மறைக்கும், கெட்டதை நல்லதாக்காது.

கால் கிலோ இறாலை உரித்து, முதுகிலுள்ள கறுப்பு நரம்பை நீக்கி, உப்பு, மிளகு, வெள்ளைப்பூடு பிரட்டுங்கள். சூடான எண்ணெயில் பக்கத்துக்கு 2 நிமிடம் வாட்டினால் சிவந்து சுருளும்.

அன்னாசி, பழுத்த பப்பாசி, ரம்புட்டான் நறுக்கித் தேசிக்காய்ச் சாறு விடுங்கள். இறைச்சி இளகப் பப்பாசிக்காய் போடுவோமே, சமைக்காத அன்னாசிக்கும் அதே குணம் உண்டு. முன்கூட்டியே கலந்தால் இறால் குழைந்துவிடும். பரிமாறும்போதே சேருங்கள்.

வைக்குமுன், "இறால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேளுங்கள். என் தங்கை மகளுக்கு ஒரே ஓர் இறாலில் உதடு வீங்கியது. சிலருக்கு மூச்சே அடைக்கும். கேட்பது மரியாதைக் குறைவல்ல சகோதரிகளே. விருந்தாளியின் உடல்நலமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான்.