நேரம் போகும் இடம்

மேற்கு மாம்பலம் ஆரிய கௌடா ரோட்டுப் பக்கம் இருக்கும் நண்பர், பழம்பாடல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் நிரல் ஒன்று எழுதியிருக்கிறார். ஓடி முடிய 40 நிமிஷம். புணர்ச்சி பிரிக்கும் பகுதிதான் காரணமென்று அதை எடுத்துவிட இருந்தார்; 3 வருஷ உழைப்பு அது. முதலில் அளப்போம் என்றேன். ப்ரொஃபைலர், ஓடும் நிரலை விநாடிக்கு நூறு தடவை எட்டிப் பார்த்து, அப்போது எந்த வரியில் இருக்கிறதென்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். புணர்ச்சிக்கு 3 சதவீதம் விழுந்தது. 95 சதவீதம், ஒவ்வொரு சொல்லுக்கும் பட்டியலை முதலிலிருந்து துழாவிய ஒற்றை வரிக்கு.

1971இல் டொனால்ட் க்னூத், ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, ஓடும் நேரத்தில் பாதிக்குமேல் நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில் கழிவதாக எழுதினார். எழுதியவர் சந்தேகிப்பது தான் சிரமப்பட்ட இடத்தை. யந்திரம் சிரமப்படுவது வேறெங்கோ. (நம் விமர்சனங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு.)

அந்த வரியை மாற்றியபின் 2 நிமிஷம். குற்றியலுகரத்தில்தான் இன்னும் தடுமாறுகிறது என்கிறார்.