உங்க போன் அங்கே வேலை செய்யுமா?

வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு வரும் முதல் கவலை விசா. அது கையில் வந்ததும் அடுத்த கேள்வி, "என் போன் அங்கே வேலை செய்யுமா?" கடையில் கேட்டால், "எல்லா நாட்டுலயும் எடுக்கும் சார், தைரியமா கொண்டு போங்க" என்பார்கள். பி.காம் படிக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். தோண்டிப் பார்த்ததில் இது பாதிதான் எலக்ட்ரானிக்ஸ் விஷயம் என்று தெரிந்தது. மீதிப் பாதி சுத்தமான காமர்ஸ். அதனால் துணிந்து எழுதுகிறேன். இ.சி.இ. நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும் :-)

அந்த ஒரு கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த ஊர் டவர் பேசுகிற மொழி உங்கள் போனுக்குத் தெரியுமா? தெரிந்தாலும் அது பேசுகிற அலைவரிசை உங்கள் போனில் இருக்கிறதா? இரண்டும் இருந்தாலும், அந்த ஊர் கம்பெனிக்கும் உங்கள் கம்பெனிக்கும் கணக்கு வழக்கு உண்டா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கையில் இருப்பது போன் இல்லை, கடிகாரம்.

முதலில் மொழி. 1980களில் ஐரோப்பாவில் ஆளுக்கொரு மொபைல் முறை இருந்தது. வடக்கு நாடுகளில் ஒன்று, பிரிட்டனில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று, பிரான்ஸில் ஒன்று. கார் எல்லையைத் தாண்டினால் காருக்குள் இருந்த போன் ஊமையாகிவிடும். நம் ஊரில் எழும்பூர் பக்கம் மீட்டர் கேஜ், சென்ட்ரல் பக்கம் அகலப்பாதை என்று இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே கதைதான். தண்டவாளம் இருக்கும், ரயிலும் இருக்கும், ஆனால் இந்த ரயில் அந்தத் தண்டவாளத்தில் ஓடாது.

இதைச் சரி செய்தது புதிய கருவி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அதற்கு முன்பே வந்தது ஒரு ஒப்பந்தம். 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளைச் சேர்ந்த 15 தொலைபேசி நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன. எல்லோரும் ஒரே முறையில் நெட்வொர்க் கட்டுவோம், குறித்த காலத்துக்குள் சேவையைத் தொடங்குவோம் என்பதுதான் சாரம். அதுதான் ஜிஎஸ்எம். நாளைக்கு எல்லாரும் இதைத்தான் வாங்கப்போகிறார்கள் என்று தெரிந்ததால்தான் கருவி செய்கிறவர்கள் பணம் போட்டார்கள். முதல் ஜிஎஸ்எம் அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் நடந்தது. முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி பேசினார். மறு வருடமே, 1992ல், பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டனின் வோடபோனும் முதல் ரோமிங் ஒப்பந்தம் போட்டன. பேச ஆரம்பித்த ஒரு வருடத்துக்குள் எல்லை தாண்டியாகிவிட்டது!

இதில் சிம் கார்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் யார், எந்தக் கம்பெனிக்காரர் என்பது போனில் இல்லாமல் ஒரு சின்ன அட்டைக்குள் போய்விட்டது. போனை மாற்றினாலும் ஆள் மாறுவதில்லை.

அடுத்தது அலைவரிசை. இந்தியா, ஐரோப்பா எல்லாம் 900, 1800 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் அதே ஜிஎஸ்எம் 850, 1900ல் ஓடியது. மொழி ஒன்று, வானொலி நிலையம் வேறு மாதிரி. இதைச் சமாளிக்க வந்தவைதான் ட்ரை பேண்ட் போன்கள். 1999ல் வந்த மோட்டோரோலா டைம்போர்ட் 900, 1800, 1900 மூன்றையும் பிடிக்கும். பிறகு நான்கையும் பிடிக்கிற குவாட் பேண்ட் வந்தது. அலைவரிசைப் பிரச்சினை பணம் கொடுத்தால் தீர்கிற பிரச்சினை.

மொழிப் பிரச்சினை அப்படித் தீரவில்லை. அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் சிடிஎம்ஏ என்ற வேறொரு முறையைக் கொண்டு வந்தது. ஜிஎஸ்எம்மில் ஒரே அலைவரிசையைப் பலருக்கும் நேரம் பிரித்துக் கொடுப்பார்கள், ஆளுக்கொரு முறை. சிடிஎம்ஏவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஆளுக்கொரு ரகசியக் குறியீடு. சந்தைக்கடை இரைச்சலிலும் அம்மா கூப்பிடுவது மட்டும் நம் காதில் விழுகிறதே, அந்த மாதிரி. 1995ல் ஹாங்காங்கிலும் 1996ல் தென்கொரியாவிலும் இது வணிக சேவையாக வந்தது. கொரியா ஜிஎஸ்எம்மை விட்டுவிட்டு இதை மட்டுமே பிடித்துக்கொண்டது. ஜப்பானோ பிடிசி என்று சொந்தமாக ஒன்றை வைத்திருந்தது. இந்தியாவில் 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் தொடங்கியதும் சிடிஎம்ஏதான்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் சிடிஎம்ஏ மட்டமானது இல்லை. பின்னால் ஜிஎஸ்எம் குடும்பத்துக்கு வந்த 3ஜி கூட அதே தத்துவத்தில்தான் கட்டப்பட்டது. ஆனால் ரோமிங்கில் ஜெயித்தது ஜிஎஸ்எம். எத்தனை பேர் உங்களோடு பேச முடியும் என்பதில்தான் ஒரு போனின் மதிப்பு இருக்கிறது. நெட்வொர்க் எக்ஸ்டர்னாலிட்டி என்று எங்கள் பொருளாதாரப் புத்தகத்தில் ஒரு பத்தி வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தப் பத்திக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு உதாரணம் இருப்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

2005ல் எனக்கு ஒரு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அப்பா வேலை பார்த்தார். மூன்று மாதப் பயிற்சிக்குக் கொரியாவில் உல்சான் நகரத்துக்கு அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முன் அப்பா தன் மொபைல் கம்பெனி கவுண்டருக்குப் போய், டெபாசிட் கட்டி, இன்டர்நேஷனல் ரோமிங் போட்டுக்கொண்டார். எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. இன்சியான் விமான நிலையத்தில் இறங்கி போனை ஆன் செய்தால் சிக்னலைத் தேடுகிறது, தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது. போன் கெட்டுவிட்டது என்று அப்பா நினைத்தார். சுற்றி இருந்த ஒவ்வொரு கொரியரும் போனில் பேசிக்கொண்டுதான் போனார்கள். அதே விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு சிடிஎம்ஏ போன் தரும் கவுண்டர்கள் இருந்தன என்பது அவருக்குத் தெரியாது. சொல்லவும் ஆள் இல்லை.

பிறகு காலிங் கார்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோறும் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசுவார். ஒரு சனிக்கிழமை ராத்திரி, மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் தாத்தா இறந்துபோனார். அம்மா அப்பாவின் மொபைலுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அதே குரல். கையில் இருந்த இன்னொரு நம்பர் உல்சான் தொழிற்சாலை ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை அங்கே எடுக்க ஆள் இல்லை. மெட்ராஸ் ஆபீஸும் விடுமுறை. தகவல் போய்ச் சேர்ந்து, வருகிறேன் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் திங்கட்கிழமை வரை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். ஒரு தகவலும் இல்லாமல் எத்தனை நேரம் வைத்திருப்பது என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். மூத்த பிள்ளை அப்பா. கொள்ளி வைத்தது சித்தப்பா.

அப்பா வழக்கம்போல ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குப் பேசினார். நமக்கு அப்போது மாலை ஐந்தரை. மெட்ராஸ் வீட்டில் யாரும் எடுக்கவில்லை என்று ஊருக்கு அடித்தார். அப்போதுதான் எல்லாரும் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்து முடித்திருந்தார்கள். சித்தப்பாதான் போனை எடுத்தாராம்.

அப்பா இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை சொன்னார்: "என்கிட்ட போன் இருந்துச்சுடா. ரூம் ஜன்னல்ல பார்த்தா எதிர்லயே டவர் இருந்துச்சு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான்."

இரண்டு மொழியும் தெரிந்த போன்கள் அப்போது உலகத்தில் இல்லாமல் இல்லை. 2004லேயே அமெரிக்காவில் வெரைசான் நிறுவனத்துக்காக சாம்சங் ஏ790, மோட்டோரோலா ஏ840 வந்துவிட்டன. உள்ளூரில் சிடிஎம்ஏ, வெளிநாட்டில் ஜிஎஸ்எம். 2007ல் பிளாக்பெர்ரி 8830 வந்தது. பெயரே வேர்ல்டு எடிஷன். எல்லாம் பெரிய ஆபீஸர்களுக்கான விலை. இதைவிட வேடிக்கை, 2011 பிப்ரவரியில் வெரைசானுக்கு வந்த ஐபோன் 4. அதற்குள் இருந்த குவால்காம் சிப்புக்கு இரண்டு மொழியும் தெரியும். ஆனால் சிம் போட ஓட்டை வைக்கவில்லை! அதே வருடம் அக்டோபரில் வந்த 4எஸ் மாடலில்தான் இரண்டும் ஒரே போனில் நடைமுறைக்கு வந்தது. ஆக, சிப் தயாராக இருந்தும் போன் ஊமையாக இருக்கலாம்.

இனி மூன்றாவது கேள்வி, என் சப்ஜெக்ட். நீங்கள் வெளிநாட்டில் போனை ஆன் செய்ததும் அங்குள்ள நெட்வொர்க் உங்கள் சிம்மில் இருக்கும் எண்ணைப் படிக்கிறது. 404 அல்லது 405ல் தொடங்கினால் இந்தியா. உடனே உங்கள் கம்பெனியிடம், "இவர் உங்க ஆளா, உள்ளே விடலாமா?" என்று கேட்கிறது. "ஆமாம், விடுங்க" என்று பதில் வந்தால்தான் சிக்னல். ஒப்பந்தம் இல்லையென்றால் டவர் தலைக்கு மேலே இருந்தாலும் பயனில்லை. நீங்கள் பேசியதற்கெல்லாம் அந்தக் கம்பெனி டேப் என்ற வடிவத்தில் ஒரு கணக்குக் கோப்பு தயாரித்து, இடையில் இருக்கும் கிளியரிங் ஹவுஸ் வழியாக உங்கள் கம்பெனிக்கு அனுப்புகிறது. வங்கிக் காசோலை கிளியரிங் மாதிரியேதான். எந்த நாட்டுப் பணத்தில் கணக்கு? பெரும்பாலும் எஸ்.டி.ஆரில்! சர்வதேச நிதியத்தின் அந்த எஸ்.டி.ஆர்.தான். பாடப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் உயிரோடு இருக்காது என்று நான் நினைத்திருந்த சமாச்சாரம், உங்கள் ரோமிங் பில்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ரோமிங்கில் வருகிற அழைப்புக்கும் காசு போவது ஏன் என்பதும் இங்கேதான் புரியும். பக்கத்துத் தெருவிலிருந்து உங்களை அழைத்தாலும் அழைப்பு முதலில் இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்து திரும்ப நீங்கள் இருக்கும் நாட்டுக்குப் போகும். அந்த இரண்டாவது பயணத்தின் டிக்கெட் உங்களுடையது. அதன்மேல் மொத்த விலையை இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. கட்டப்போகிற நீங்கள் அந்தப் பேச்சில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007ல் தலையிட்டு, போகும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், வரும் அழைப்புக்கு 24 சென்ட் என்று உச்சவரம்பு வைத்தது. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் பயணம் போனால் உள்ளூர்க் கட்டணமே போதும் என்றாக்கியது. டவரில் ஒரு ஆணியும் மாற்றாமல் விலை இறங்கியது.

சரி, இப்போது என்ன நிலைமை? 4ஜி வந்தபோது ஜிஎஸ்எம்காரர்களும் சிடிஎம்ஏகாரர்களும் எல்டிஇ என்ற ஒரே மொழிக்கு வந்து சேர்ந்தார்கள். வெரைசான் தன் சிடிஎம்ஏவை 2022 முடிவில் மூடியது. இந்தியாவிலும் சிடிஎம்ஏ இல்லை. சண்டை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் எல்டிஇ அடிப்படையில் டேட்டாவுக்கானது. குரல் அதன் மேல் போக வோல்ட்இ வேண்டும். அது போனில் இருந்தால் மட்டும் போதாது, அந்த ஊர் நெட்வொர்க்கோடு ஒத்துப்போக வேண்டும், ரோமிங்கில் அதற்கும் தனி ஒப்பந்தம் வேண்டும். முன்பு வோல்ட்இ இல்லையென்றால் குரல் 3ஜிக்கு இறங்கிக்கொள்ளும். 2022ல் அமெரிக்காவில் 3ஜியை மூடினார்கள். ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28ல் மூடத் தொடங்கின. வெளிநாட்டில் வாங்கிய சில 4ஜி போன்களில் இன்டர்நெட் வரும், ஆனால் அவசர எண்ணான 000வுக்கு அழைப்பு போகாது என்று தெரிந்ததால், அப்படிப்பட்ட போன்களை நெட்வொர்க்கிலேயே அனுமதிக்கக் கூடாது என்று அந்த நாடு விதி போட்டது. பெயர்தான் மாறியிருக்கிறது, கேள்வி அதேதான்.

அதனால் வெளிநாடு கிளம்புகிற நண்பர்களே, "ரோமிங் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நாட்டின் பெயரைச் சொல்லி, இந்த மாடல் போனில் அங்கே வோல்ட்இ குரல் அழைப்பு வருமா என்று கேளுங்கள். போனின் எல்டிஇ அலைவரிசைப் பட்டியலை அந்த நாட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பேங்க் ஓடிபி வருகிற நம்பர் அங்கே எஸ்எம்எஸ் வாங்குமா, அதற்கு எவ்வளவு என்று இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் வைஃபை இல்லாத இடத்தில் டேட்டாவுக்கும் இதே மூன்று கேள்விதான்.

கடைசியாக ஒன்று. நீங்கள் தங்கப்போகிற இடத்தின் நம்பர், பக்கத்து அறைக்காரர் நம்பர், ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கிற ஒருவரின் நம்பர், மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தாள் வேலை செய்யும்.