உலகத்துக்கே ஒரு ஆள் தேவை

ஆணி பிடுங்கறதுல கொஞ்சம் இடைவெளி கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டிருந்த ஒரு விஷயத்தை எழுதிடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், காபி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

விஷயம் இதுதான். பல நாட்டுக்காரங்க போட்டி போடற பெரிய பதவிக்கு எப்படி ஆள் எடுக்கறாங்க? திறமையைப் பார்த்தா, பாஸ்போர்ட்டைப் பார்த்தா?

2023-ல அஜய் பங்கா உலக வங்கித் தலைவரானப்போ, நான் குப்பை கொட்டற இந்தப் புனேயில ஒரே பெருமை. அவர் பிறந்தது இங்கே கட்கி கன்டோன்மென்ட்ல. அகமதாபாத் ஐஐஎம்ல படிச்சு, நெஸ்லேயில வேலையை ஆரம்பிச்சு, மாஸ்டர்கார்டு தலைமை வரைக்கும் போனவர். "நம்ம ஊர்ப் பையன் ஜெயிச்சுட்டான்"னு பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் பேடா கொடுத்தார். வாங்கி வாயில போட்டுக்கிட்டே, "காகா, யாரை ஜெயிச்சார்?"னு கேட்டேன். அவர்கிட்ட பதில் இல்லை. ஏன்னா எதிர்த்து யாருமே நிக்கலை.

பிப்ரவரி மாசம் அமெரிக்க அதிபர் பைடன் பேரை அறிவிச்சார். மார்ச் 29 வரைக்கும் மத்த நாடுகளுக்கு அவகாசம் இருந்தது. இன்னொரு பேர் வரவேயில்லை. மே 3-ம் தேதி வங்கியோட இயக்குநர் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. பங்கா அப்போ அமெரிக்கக் குடிமகன். அவர் நின்னது அமெரிக்காவின் வேட்பாளரா, இந்தியாவின் வேட்பாளரா இல்லை.

அவர் தகுதியில எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. அந்த நாற்காலியைப் பத்தித்தான் பேச்சு. 1946-ல வந்த முதல் தலைவர்லேருந்து உலக வங்கிக்கு முறைப்படி நியமிக்கப்பட்ட தலைவர்கள் எல்லாருமே அமெரிக்கர்கள். ஐ.எம்.எஃப். மேலாண்மை இயக்குநர்கள் எல்லாருமே ஐரோப்பியர்கள். எந்த விதியிலயும் இப்படி எழுதி வைக்கலை. இரண்டு பக்கமும் பேசி வச்சுக்கிட்ட பழக்கம், அவ்வளவுதான்.

உலக வங்கியில இந்தப் பழக்கத்துக்கு நிஜமான போட்டி ஒரே ஒரு தடவை வந்தது, 2012-ல. திறந்த முறையில, தகுதி பார்த்து எடுப்போம்னு வங்கி அதுக்கு முந்தின வருஷம்தான் சொல்லியிருந்தது. மூணு பேர் நின்னாங்க. நைஜீரியாவோட நிதியமைச்சர் இங்கோசி ஒகோன்ஜோ-இவேலா. அதே உலக வங்கியில 2007-லேருந்து 2011 வரை மேலாண்மை இயக்குநரா இருந்தவங்க. கொலம்பியாவோட முன்னாள் நிதியமைச்சர் ஹோசே அன்டோனியோ ஒகாம்போ. மூணாவது, அமெரிக்கா நிறுத்தின ஜிம் யோங் கிம், ஒரு டாக்டர், டார்ட்மவுத் கல்லூரித் தலைவர். ஏப்ரல் 13-ம் தேதி ஒகாம்போ விலகினார். 16-ம் தேதி கிம் தேர்வானார். யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்ச போட்டி அது. அந்தக் கிம்மும் இரண்டாவது பதவிக்காலத்தை முடிக்காமலே 2019-ல வேலையை விட்டுட்டுத் தனியார் துறைக்குப் போயிட்டார்.

இதெல்லாம் வாஷிங்டன் சமாச்சாரம், நமக்கென்ன வந்ததுன்னு கேக்கறீங்களா? அதையே சின்ன அளவுல எங்க ஆபீஸ்ல பார்த்தேன். அதான் இவ்வளவு புலம்பல்.

நான் வேலை பார்க்கறது சாக்கன் பக்கம், கார் உதிரிபாகம் செய்யற ஒரு கம்பெனியில. தலைமையகம் ஐரோப்பாவுல. உலகம் முழுக்க இருக்கற எங்க தொழிற்சாலைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பர்ச்சேஸ் தலைவர் வேணும்னு பதவி அறிவிச்சாங்க. இன்டர்வியூ குழுவுல நாலு பேர், அதுல நான் ஒருத்தன். கடைசிச் சுற்றுக்கு மூணு பேர் வந்தாங்க. தலைமையகத்துலேருந்து ஒருத்தர், பிரேசில் தொழிற்சாலையிலேருந்து ஒரு அம்மா, எங்க ஆலையிலேருந்து ஹூப்ளிக்காரர் ஒருத்தர்.

யார் முகத்தையும் பார்க்கறதுக்கு முன்னாடியே ஆறு தகுதிகளை எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மார்க்னு குறிச்சு வச்சிருந்தோம். எல்லாருக்கும் ஒரே கேள்விகள். அந்த பிரேசில் அம்மா பிரமாதமாப் பேசினாங்க. 2021-ல சிப் பஞ்சம் வந்து கார் கம்பெனிகளெல்லாம் லைனை நிறுத்தினப்போ, தன்னோட ஆலையை எப்படி ஓட்டினாங்கன்னு வாரக் கணக்கோட சொன்னாங்க. எந்த சப்ளையர்கிட்ட முன்பணம் கொடுத்தாங்க, எந்த மாடலைத் தள்ளிப் போட்டாங்க, அதனால எவ்வளவு நஷ்டம்னு எல்லாம். கூட்டிப் பார்த்தா அவங்கதான் முதல். ஹூப்ளிக்காரர் இரண்டாவது. தலைமையகத்துக்காரர் மூணாவது.

அதுக்கப்புறம்தான் உள்குத்து ஆரம்பமாச்சு. "அவங்க இங்கிலீஷ் பெரிய வாடிக்கையாளர்கள் முன்னாடி எடுபடுமா?"ன்னார் ஒருத்தர். "தலைமையகத்துல நாலு பேரைத் தெரிஞ்ச ஆளா இருந்தா வேலை சுலபமா நடக்கும்"னார் இன்னொருத்தர். "தலைவர்னு சொல்றப்போ ஒரு கம்பீரம் வேணும் இல்லையா?"ன்னு மூணாவது குரல்.

"இதெல்லாம் நாம எழுதின ஆறுல எது?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம், இறுதி முடிவு மேலிடத்தோடதுன்னு சொல்லிக் கூட்டத்தை முடிச்சாங்க. இரண்டு வாரத்துல தலைமையகத்துக்காரர் பேரை அறிவிச்சாங்க.

இதுல ஒரு சிக்கல் என்னன்னா, வந்தவர் நல்ல மனுஷன். வேலையும் நல்லாவே செய்யறார். அப்போ என்னதான் பிரச்சினைன்னு நீங்க கேக்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது, ஹூப்ளிக்காரர் கேன்டீன்ல பிடிச்சுக்கிட்டுப் பேசற வரைக்கும்.

"சார், நான் எதுல குறைஞ்சேன்?"னு கேட்டார். குழுவுல பேசினதை வெளியில சொல்லக்கூடாது. சொல்லலாம்னு இருந்தாலும் என்கிட்ட பதில் இல்லை. அவரே சொன்னார்: "மார்க் குறைஞ்சிருந்தா அடுத்த தடவை நல்லாத் தயார் பண்ணிக்கிட்டு வரலாம். பிறந்த ஊரை எப்படி சார் மாத்தறது?"

நானும் திருநெல்வேலி இங்கிலீஷை வச்சுக்கிட்டு வடக்கே பிழைக்க வந்தவன்தான். அன்னிக்கு டீ இறங்கலை.

இதுக்கு நேர்மாறான ஒரு கதையும் இருக்கு. 2020-ல உலக வர்த்தக நிறுவனத்தோட தலைவர் ராபர்ட்டோ அசெவேடோ, பதவிக்காலம் முடிய ஒரு வருஷம் இருக்கறப்பவே ஆகஸ்ட் 31-ம் தேதியோட கிளம்பறேன்னு சொல்லிட்டார். மெக்சிகோ, நைஜீரியா, எகிப்து, மால்டோவா, தென் கொரியா, கென்யா, சவூதி, பிரிட்டன்னு எட்டு நாட்டுலேருந்து எட்டு பேர் நின்னாங்க. அங்கே ஓட்டெடுப்பு வழக்கமில்லை. மூணு தூதர்கள் உக்கார்ந்து, ஒவ்வொரு உறுப்பு நாட்டையும் தனித்தனியாக் கூப்பிட்டு, உங்க விருப்பம் யாருன்னு கேட்பாங்க. இதுக்குப் பாவமன்னிப்புக் கூண்டுன்னே செல்லப் பேர். முதல் சுற்றுல நாலு பேர் வரைக்கும் சொல்லலாம், அடுத்ததுல இரண்டு, கடைசியில ஒண்ணு. ஒவ்வொரு சுற்றிலயும் ஆதரவு குறைஞ்சவங்க விலகணும். எட்டு ஐந்தாச்சு, ஐந்து இரண்டாச்சு. மிச்சம் இருந்தது தென் கொரியாவோட யூ மியுங்-ஹீயும், நம்ம 2012 கதாநாயகி ஒகோன்ஜோ-இவேலாவும்.

அக்டோபர் 28-ம் தேதி, நைஜீரிய அம்மாவுக்குத்தான் ஆதரவு அதிகம்னு அறிவிச்சாங்க. உடனே அமெரிக்கா குறுக்கே வந்தது. யூவுக்குத்தான் வர்த்தகத்துறை அனுபவம் இருக்குன்னு சொல்லிச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவுங்கறதால நாற்காலி மாசக் கணக்குல காலியாவே கிடந்தது. அமெரிக்காவுல ஆட்சி மாறினதுக்கு அப்புறம், 2021 பிப்ரவரி 5-ம் தேதி யூ விலகினாங்க. 15-ம் தேதி ஒகோன்ஜோ-இவேலா தேர்வானாங்க. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர்.

அங்கேயும் அரசியல் இருந்தது, ஒரு பெரிய நாடு நினைச்சா எல்லாத்தையும் நிறுத்தி வைக்கவும் முடிஞ்சது. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க. யார் தடுக்கறாங்க, என்ன காரணம் சொல்லித் தடுக்கறாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சது. சரியா தப்பான்னு எல்லாரும் விவாதிக்க முடிஞ்சது. தோத்தவங்களுக்கும் தான் எங்கே நின்னோம்னு தெரிஞ்சது. என்னைப் பொறுத்தவரை நல்ல தேர்வுக்கு இதுதான் அடையாளம். ஜெயிச்சவர் சிறந்தவரான்னு பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும். தோத்தவருக்கு அன்னிக்கே ஒரு நேர்மையான காரணம் கிடைக்கணும்.

இதையெல்லாம் தங்கமணிகிட்ட ஆவேசமாச் சொன்னேன். சாம்பார்ல பருப்பைக் கடைஞ்சுக்கிட்டே, "நாளைக்கு உங்க கைக்கு அதிகாரம் வந்தா திருநெல்வேலிக்காரனா பார்த்து எடுக்க மாட்டீங்களா?"ன்னு கேட்டா. எடுக்க மாட்டேன்னு உடனே சொல்ல வாய் வரலை. நம்ம ஊர்ப்பேச்சு காதுல விழுந்தா மனசு சாயத்தானே செய்யும். அதனாலதான் மனசை நம்பாம தாளை நம்பணும்ங்கறேன்.

அடுத்த மாசம் இன்னொரு உலகப் பதவிக்கு இன்டர்வியூ வருது. குழுவுல மறுபடி நான் இருக்கேன். எச்.ஆர்.கிட்ட இரண்டு நிபந்தனை வச்சேன். ஒண்ணு, பேர்களைப் பார்த்ததுக்கு அப்புறம் யாராவது புதுசா ஒரு தகுதியைச் சேர்த்தா, அதைத் தாள்ல எழுதிக் கீழே கையெழுத்துப் போடணும். இரண்டு, தேர்வாகாதவங்களுக்கு எதுல மார்க் போச்சுன்னு சொல்லணும். முதலாவதை ஒத்துக்கிட்டாங்க. இரண்டாவதைப் பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.

ஹூப்ளிக்காரர் விண்ணப்பம் போட்டிருக்காரான்னு தெரியலை. குழுவுல இருந்துக்கிட்டு நான் கேக்கவும் கூடாது.