பச்சை உப்பும் பல்கலைக்கழகமும்

விருதுநகரில் பிறந்தவர்களுக்கு மகமை என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வணிகர் தாம் விற்கும் சரக்கின்மீது ஒரு சிறு தொகையைப் பொதுக் காரியத்திற்கென ஒதுக்கி வைப்பதே மகமை. அந்த மகமையாலும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வளர்ந்ததுதான் பெருந்தலைவர் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை. தொழில், கல்விக்குக் கொடுத்த காலம் அது. இன்றோ, கல்வி தொழிலுக்கு என்ன கொடுக்கும் என்று கேட்டு, அதற்கெனத் தனி நிதியே ஒதுக்குகிறார்கள்.

பிரிட்டனில் 1975 ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். பட்டதாரி ஒருவர் தொழிற்கூடத்தில் இருந்து பணியாற்றுவார். பல்கலைக்கழக ஆசிரியர் வழிகாட்டுவார். செலவை அரசும் நிறுவனமும் பகிர்ந்துகொள்ளும். நம் நாட்டிலும் 2015 இல் அறிவிக்கப்பெற்ற உச்சதர் ஆவிஷ்கார் திட்டத்தில், ஆய்வுச் செலவில் கால் பங்கு தொழில் நிறுவனத்தினுடையது. கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

சிவகாசிக்கு ஆய்வுக்கூட உறவு வாய்த்தது நெருக்கடியில்தான். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்து, மாசு குறைந்த பட்டாசுகளுக்கே இசைவளித்தது. நாக்பூரில் உள்ள 'நீரி' என்னும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் சுவாஸ், சபல், ஸ்டார் என்னும் பெயர்களில் புதிய வகைகளை உருவாக்கியது. வெடித்ததும் நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்குவது சுவாஸ். அலுமினியத்தைக் குறைத்துச் செய்வது சபல். துகள் மாசு 30 விழுக்காடு அளவிற்குக் குறையும் என்றார்கள். 2019 இல் பசுமைப் பட்டாசுகள் அறிமுகமாயின. நீரி பல்கலைக்கழகம் அன்று, அரசு ஆய்வுக்கூடம். எனினும் அறிவும் தொழிலும் கூடிய நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆலை உரிமையாளர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு, இரகசியம் காப்பதாக உறுதி கூறிக் கலவை விவரங்களைப் பெற்றார்கள்.

பெற்றவர் உரிமையாளர். கலக்குபவர் வேறொருவர் அல்லவா? என் மனம் அங்கேதான் நின்றது.

என் நன்னிம்மா தீப்பெட்டிக் கூடு ஒட்டியவர். அந்தப் பசையின் வாடை இன்றும் என் நினைவில் உண்டு. ஆகவே இத்தொழிலை இகழ எனக்கு நா எழாது. அச்சமின்றிப் போற்றவும் இயலாது. 2012 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் நாள் விழாவில் மாணவர் அளித்த பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் முதலிப்பட்டி வெடிவிபத்துச் செய்தியைக் கேட்டேன். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமை அது. அந்தப் பேனாவால் நான் எழுதவே இல்லை.

பின்னொரு நாள், தொழில் துறையோடு இணைந்து நல்கை பெறுவது குறித்துப் பேராசிரியர்கள் கூடிப் பேசினோம். "தமிழ்த் துறைக்குப் பட்டாசில் என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். விடை என்னிடம் இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்து மாணவன் ஒருவனிடம் இருந்தது. வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருக்கையில் அவன் சொன்னான்: "ஐயா, பேரியம் நைட்ரேட்டுன்னா எங்க அம்மாவுக்குத் தெரியாது. பச்சை உப்புன்னாதான் தெரியும்."

அன்று தொடங்கியது எங்கள் சொல் தேட்டம். வெடியுப்பு, மணிமருந்து, கருந்திரி எனச் சொற்கள் குவிந்தன. வெடிக்கும் கலவைக்கே அங்கு மருந்து என்று பெயர். நோய் தீர்ப்பதும் மருந்து, கை தவறினால் உயிரைக் குடிப்பதும் மருந்து! இச்சொற்களைத் தொகுத்து, தொழிலாளர் மொழியிலேயே பாதுகாப்பு அட்டைகள் எழுதி, காலையில் வேலை தொடங்குமுன் படித்துக் காட்டலாம் என்று ஒரு திட்டம் வரைந்தோம். ஆலை உரிமையாளர் ஒருவர் தம் பங்கைத் தர முன்வந்தார். நல்கைக்கு விண்ணப்பித்தோம். "புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை" என்று விண்ணப்பம் திரும்பி வந்தது.

மறுத்தவர்களை நான் முற்றிலும் குறை கூறேன். பணம் குறைவு, கேட்போர் மிகுதி. சொல்லகராதிக்குக் காப்புரிமையும் இல்லை. ஆயினும் கலவை மாறும்போது கையாளும் முறையும் மாறுமே! அம்மாற்றம் ஆங்கிலத் தாளாக அலுவலக அலமாரியில் உறங்கினால், அதைப் புத்தாக்கம் என்று எப்படி அழைப்பது? கருவிக்கு நிதி உண்டு, கருவியைத் தொடும் கைக்கு விளக்கிச் சொல்ல நிதி இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்த உரிமையாளர் தாம் சொன்ன தொகையைத் திரும்பப் பெறவில்லை. "மகமையாக இருக்கட்டும்" என்றார். அதைக்கொண்டு தாள் வாங்கினோம். ஞாயிறுதோறும் மாணவர் சிலர் என்னோடு ஊர்களுக்கு வருகின்றனர். முதல் அட்டையில் "உராய்வைத் தவிர்க்கவும்" என்று அழகாக எழுதியிருந்தேன். அம்மாணவனின் தாயார் அதை மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "உராய்வுன்னா யாருக்கு சார் தெரியும்? உரசக் கூடாதுன்னு போடுங்க" என்றார்.

அங்கேயே அமர்ந்து அட்டையைத் திருத்தி எழுதினேன்.